நச்சுக்காற்று நாட்களில் வக்கீல் ஆபீஸ்: அசோசியேட்டுக்கு வீடு, முன்ஷிக்கு?

மயூர்விஹார்_மதி | 19 நவம்பர் 2024, இரவு 7.40

டெல்லியில் நேற்று காலை 8 மணியிலிருந்து கிராப் (காற்று மாசு ஏற ஏறக் கட்டம் கட்டமாகக் கட்டுப்பாடுகளைக் கூட்டும் திட்டம்) நான்காம் கட்டம் அமலில் இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடங்கள் ஆன்லைனுக்கு மாறிவிட்டன. முடிந்த இடத்திலெல்லாம் காணொலி விசாரணையை அனுமதிக்கும்படி நீதிபதிகளுக்குச் சொல்லியிருப்பதாகத் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா இன்று நீதிமன்றத்திலேயே தெரிவித்தார்.

எங்கள் வக்கீல் ஃபர்மிலும் உடனே மெயில் வந்தது. அசோசியேட்டுகள், அதாவது ஃபர்மில் பார்ட்னர்களுக்குக் கீழே இருக்கும் வக்கீல்கள், வீட்டிலிருந்து வேலை செய்யலாம். டீம்ஸில் எப்போதும் கிடைக்க வேண்டும், டைம்ஷீட்டை (வேலை செய்த நேரக் கணக்கை) அன்றன்றைக்கே போட வேண்டும். கடைசி வரியில், "கிளார்க்குகளும் உதவிப் பணியாளர்களும் வழக்கம்போல."

இன்று மதியம் ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஏர் ப்யூரிஃபையர் ஓட ஓட, ஒரு பதில் மனுவை முடித்து அனுப்பினேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எங்கள் முன்ஷிஜியின் வேலை. வக்கீலின் கிளார்க்கை இங்கே முன்ஷி என்பார்கள். பிரிண்ட் எடுத்தார். கையெழுத்து வாங்க கட்சிக்காரர் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து ஓத் கமிஷனரிடம் (பிரமாணத்தைச் சான்றளிப்பவர்) போய் அஃபிடவிட்டில் முத்திரை வாங்கினார். சி.ஜி.ஓ. வளாகத்தில் இருக்கும் தீர்ப்பாயத்தில் காகிதப் பிரதிகளைக் கொடுத்தார். எல்லாம் ஸ்கூட்டியில்தான், துணி மாஸ்க் ஒன்றைக் கட்டிக்கொண்டு. "ஹோ கயா மேடம்" (முடிந்தது மேடம்) என்று போன் செய்தபோது இருமல் அவரைப் பேச விடவில்லை.

இந்த வாரக் கடைசியில் பார்ட்னர்களிடம் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று நாங்கள் சில பேர் நினைக்கிறோம். உங்கள் ஃபர்மில் கிளார்க்குகளுக்கு என்ன செய்கிறார்கள்? கோவிட் காலத்தில் என்ன செய்தார்கள்? எழுதுங்கள்.

சாகேத்_சண்முகம் | 19 நவம்பர், இரவு 8.15

எங்களிடமும் இதேதான். கோவிட் காலத்தில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. 25 மார்ச் 2020-இல் ஊரடங்கு வந்தபோது கிளார்க்கும் வீட்டில்தான் இருந்தார், வெளியே போக வழியே இல்லை. ஜூன் மாதம் எல்லாம் திறக்க ஆரம்பித்ததும் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். நாங்கள் ஆபீசுக்குத் திரும்பியது அதற்கு வெகுநாள் கழித்து.

இன்னொன்றையும் இங்கே பேச வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் ரகசியத்தை எப்படிக் காப்பது? லஜ்பத் நகரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஃப்ளாட் எடுத்திருந்தோம், மூன்று பேரும் வெவ்வேறு ஃபர்ம். ஒரு நடுவர் வழக்கில் என் ஃபர்ம் ஒரு பக்கம், அறைத் தோழனின் ஃபர்ம் எதிர்ப் பக்கம். இடையில் ஒரு ப்ளைவுட் தடுப்புதான். கட்சிக்காரரோடு பேச மொட்டை மாடிக்குப் போவேன், மே மாத வெயிலில். இன்றைய காற்றில் மொட்டை மாடிக்கும் போக முடியாது. ஃபர்ம் கொடுத்ததெல்லாம் ஒரு வி.பி.என். (பாதுகாப்பான இணைய இணைப்பு) மட்டும்தான்.

மாட்டுங்கா_ரவி | 19 நவம்பர், இரவு 9.02

மும்பையிலிருந்து எழுதுகிறேன். இங்கே அன்று பிரச்சினை காற்று இல்லை, ரயில். 15 ஜூன் 2020 அன்று லோக்கல் மறுபடி ஓடத் தொடங்கியபோது அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வக்கீல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ரயிலில் ஏற அனுமதி கேட்டு வக்கீல்களே உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாதாரணப் பயணிகளுக்கு, அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், கதவு திறந்தது 1 பிப்ரவரி 2021-இல்தான்.

எங்கள் கிளார்க் பத்லாப்பூரில் இருந்தார். தென்மும்பையில் ஃபோர்ட் வரை பஸ் மாறி மாறி வந்து போவார். போக வரவே நாள் முடிந்துவிடும். அவருக்கு யாரும் டைம்ஷீட் போடச் சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு யாரும் கணக்கும் பார்க்கவில்லை. மதி எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. நோய் வேறு, ஊர் வேறு. வெளியே அனுப்பப்படுகிற ஆள் மட்டும் மாறவில்லை.

தீஸ்ஹசாரி_பழையவர் | 19 நவம்பர், இரவு 10.30

மதி, உங்கள் அக்கறை புரிகிறது அம்மா. நான் ஃபர்மில் இருந்தவன் இல்லை. தனியாக ஆபீஸ் வைத்து, மாவட்ட நீதிமன்றங்களில் வருஷக்கணக்காக வழக்கு நடத்தியவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

முன்ஷியை வீட்டில் உட்கார வைத்தால் அவர் நுரையீரல் பிழைக்கும், அடுப்பு எரியாது. அவருக்குச் சம்பளம் ஒரு பகுதிதான். மீதி முன்ஷியானா. ஒவ்வொரு தாக்கலுக்கும், நகல் மனுவுக்கும், தேதி வாங்குவதற்கும் கட்சிக்காரர் கொடுப்பது. கோர்ட்டுக்குப் போகாத நாளில் அது கிடையாது. 2020 கோடையில் கோர்ட் மூடிக் கிடந்தபோது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் ஏதோ கொஞ்சம் உதவியது. டெல்லி அரசு வக்கீல்களுக்கென்று 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் வைத்திருந்தது. முன்ஷிகள்? என்னிடம் இருந்தவர் பீகாருக்கே திரும்பிப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

அதனால் "முன்ஷிக்கும் வீட்டிலிருந்து வேலை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அவரே வந்து "வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிடுவார்.

மயூர்விஹார்_மதி | 19 நவம்பர், இரவு 11.10

கோபம் எதற்கு சார், இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முன்ஷியானாவையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். குறித்துக்கொண்டேன்.

சண்முகம், கோவிட்டின்போது கிளார்க்கும் வீட்டில் இருக்க முடிந்ததற்கு ஊரடங்கு மட்டும் காரணம் இல்லை. 23 மார்ச் 2020 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து, 15 மார்ச் முதல் எல்லாக் காலவரம்புகளையும் நீட்டித்தது. இடையில் நிறுத்தி, இரண்டாம் அலையில் மறுபடி கொண்டுவந்து, கடைசியில் 28 பிப்ரவரி 2022 வரையிலான காலம் முழுவதையும் கணக்கிலிருந்து கழித்தது. கெடு ஓடவில்லை, அதனால் யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் முத்திரையிட்ட அஃபிடவிட் இல்லாமலே அவசர மனுக்களை எடுத்துக்கொண்டார்கள். விலக்குக் கோரி ஒரு மனு, கோர்ட் வழக்கம்போல் நடக்க ஆரம்பித்ததும் தாக்கல் செய்கிறோம் என்று ஓர் உறுதிமொழி, அவ்வளவு போதும்.

இந்தக் காற்றுக்கு அப்படி ஒரு உத்தரவும் கிடையாது. முப்பது நாள் கெடு என்றால் முப்பதே நாள்தான். வாதம் காணொலிக்குப் போய்விட்டது, காகிதம் போகவில்லை. அந்தக் காகிதத்தை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும் என்கிறது நடைமுறை. சுமப்பவர் யார் என்பதை எங்கள் மெயிலின் கடைசி வரி முடிவுசெய்கிறது.

ஆர்கேபுரம்_காயத்ரி | 20 நவம்பர், காலை 9.20

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பதில் கசப்பானது.

அசோசியேட்டுகளாகிய நமக்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பார் கவுன்சில் விதி 49-இன்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. அதனால் பெரும்பாலான ஃபர்ம்களில் நாம் "ரீட்டெயினர்". வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் வரி பிடித்து, தொழில்முறைக் கட்டணமாகப் பணம் தருகிறார்கள். பி.எஃப். இல்லை. பேறுகாலச் சலுகைச் சட்டத்தில் 2017-இல் சேர்த்த 5(5) பிரிவு, விடுப்பு முடிந்தபின் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்கிறது. அதைக் காட்டி நான் கேட்டபோது, நீங்கள் ஊழியரே இல்லையே என்றார்கள். கைக்குழந்தையோடு ஆபீசுக்குப் போன நவம்பர் அது.

கிளார்க்குகள் நிலை இதைவிட மோசம். அவர்கள் ஊழியர்கள்தான், ஆனால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. கேரளத்தில் ஒரு வக்கீல் ஃபர்மில் கிளார்க்காக இருந்தவர் தொடுத்த சசிதரன் வழக்கில், வக்கீல் அலுவலகம் "வணிக நிறுவனம்" ஆகாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கேரளச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் எந்த மாநிலத்தில் கேள்வி எழுந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் கடமையைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு கிளார்க்குக்கும் விரித்தது. இந்த ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132-ஆம் பிரிவும் அதையே செய்கிறது. கடமை என்று வரும்போது சட்டம் அவரை வக்கீலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. பாதுகாப்பு என்று வரும்போது எங்கேயும் நிறுத்தவில்லை. தமிழ்நாட்டிலாவது வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று 1999-இல் ஒரு நல நிதிச் சட்டம் போட்டார்கள்.

ஆகவே கடிதத்தில் உரிமை என்று வாதாடாதே மதி. பார்ட்னர்கள் வக்கீல்கள், நான்கு தீர்ப்பை எடுத்துப் போட்டு மடக்கிவிடுவார்கள். நேர்மையை முன்னால் வைத்துக் கேள்.

திரிலோக்புரி_செல்வி | 20 நவம்பர், பகல் 1.05

வணக்கம். நான் வக்கீல் இல்லை. என் அப்பா ஒரு ஃபர்மில் கிளார்க். விழுப்புரம் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே டெல்லிக்கு வந்தவர். இந்த இழையை நேற்று ராத்திரி அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

"வீட்டில் உட்காரச் சொல்ல வேண்டாம், அலையவிடாமல் இருந்தால் போதும்" என்றார். அவர் வெளியே போவதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியதுதானாம். எனக்கும் அது நேற்றுதான் முழுசாகப் புரிந்தது.

போன வாரம் நடந்ததைச் சொன்னார். ராத்திரி ஒரு மணிக்கு மனுவின் கடைசி வடிவம் வாட்ஸப்பில் வந்தது. காலையில் ஆபீஸ் போய் மூன்று செட் பிரிண்ட் எடுத்து, டேக் போட்டு, பக்க எண் எழுதி முடித்த நேரத்தில் போன். எட்டாவது பாராவை மாற்றிவிட்டோம், புது ஃபைல் அனுப்புகிறோம். மறுபடி பிரிண்ட். கட்சிக்காரர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த பக்கம் இப்போது வேறு பக்கமாகிவிட்டதால், கையெழுத்துக்காக குருகிராம் வரை போனார். திரும்பி வந்து தாக்கல் செய்தால், குறை இருக்கிறது என்று டிஃபெக்ட் போட்டுவிட்டார்கள். இணைப்பு ஒன்றின் நகல் மங்கல், தட்டச்சு செய்த பிரதி வேண்டும். வக்காலத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்ய மறுநாள் இன்னொரு தடவை. வீட்டுக்கு வரும்போது கண் சிவந்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி ஒரு திருத்தம் போட்டால் காலையில் எனக்கு ஒரு பயணம்." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வழக்கமாக நடப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

மயூர்விஹார்_மதி | 20 நவம்பர், பகல் 1.50

செல்வி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடிதத்தின் முதல் பத்தி இதுதான். யார் வீட்டில், யார் ஆபீசில் என்று பிரிப்பதற்கு முன்னால், ஒரு மனுவுக்காக ஒரு மனிதர் எத்தனை தடவை வெளியே போகிறார் என்று எண்ண வேண்டும். எங்கள் ஃபர்மில் ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் கணக்கு இருக்கிறது. இதற்கு இல்லை.

சர்வர்_ரூம் | 20 நவம்பர், மாலை 4.30

ஒரு ஃபர்மில் ஐ.டி. பார்க்கிறேன், வக்கீல் இல்லை. செல்வி எழுதியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மனு வாட்ஸப்பில் வந்தது என்கிறார்.

அசோசியேட்டின் லேப்டாப்பை நாங்கள் பூட்டிப் பூட்டி வைக்கிறோம். பென் டிரைவ் வேலை செய்யாது, வீட்டு பிரிண்டரில் பிரிண்ட் போகாது, ஆவண சர்வரில் யார் எந்த ஃபைலைத் திறந்தார் என்று பதிவு இருக்கும். அதே ஃபைல் கடைசியில் கிளார்க்கின் சொந்த போனுக்கு வாட்ஸப்பில் போகிறது. வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்கிற, கேம் விளையாடுகிற போன் அது. சண்முகம் சொன்ன ப்ளைவுட் தடுப்பைவிடப் பெரிய ஓட்டை இது. இதில் கிளார்க்கின் குற்றம் எதுவும் இல்லை. அவருக்கு ஃபர்ம் ஒரு கருவியும் கொடுக்கவில்லை.

இ-ஃபைலிங்கை, அதாவது ஆன்லைனில் தாக்கல் செய்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆபீஸில் லாகின் வக்கீல் பெயரில் இருக்கும், ஓ.டி.பி. வக்கீல் போனுக்கு வரும், உட்கார்ந்து ஏற்றுபவர் கிளார்க். அந்த வேலையை அவர் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், ஆவண சர்வரில் ஒரு கணக்கு போதும். ஸ்டோரில் பழைய லேப்டாப்புகள் தூசி படிந்து கிடக்கின்றன. கேட்கிற ஆள் இல்லாததால் யாரும் கொடுக்கவில்லை.

கோரமங்களா_இன்ஹவுஸ் | 20 நவம்பர், மாலை 6.15

பெங்களூரில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். டெல்லி வழக்குகளை அங்குள்ள ஃபர்ம்களிடம் கொடுப்பது நாங்கள்தான். ராத்திரி ஒரு மணித் திருத்தத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நான்கு பேர் பார்த்து, ஆளுக்கொரு திருத்தம் போட்டு அனுப்பும்போது கெடுவுக்கு முந்தைய இரவு ஆகிவிடுகிறது.

ஆனால் ஒரு ஃபர்மும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. "கிராப்-3 வந்துவிட்டால் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் வரைவை மூடிவிடுவோம், அதற்கப்புறம் திருத்தம் கிடையாது" என்று எழுதிக் கேட்டால் நான் ஒத்துக்கொள்வேன். என் மேலதிகாரியும் மறுக்க மாட்டார். கட்சிக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நீங்களே முடிவுகட்டி விடாதீர்கள்.

கையெழுத்து விஷயமும் அப்படித்தான். சாதாரண ஒப்பந்தங்களுக்கு மின்கையொப்பம் போதும், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. உயில், டிரஸ்ட் பத்திரம் மாதிரி சிலதுதான் அதில் வராது. ஆனாலும் பழக்கத்தால் எல்லாக் காகிதத்தையும் ஆள் மூலமே அனுப்புகிறார்கள், நாங்களும் ஆள் வந்தால்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

தீஸ்ஹசாரி_பழையவர் | 20 நவம்பர், இரவு 9.45

செல்வி அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் நேற்றுச் சொன்னதோடு இது முட்டவில்லை. பயணம் குறைந்தாலும் தாக்கல் குறையாது, முன்ஷியானா வரும். ஆன்லைனில் ஏற்றும் தாக்கலுக்கும் கட்சிக்காரர் பில்லில் கிளார்க் கட்டணம் என்று ஒரு வரி இருக்கட்டும். இப்போது பல பேர் இ-ஃபைலிங் என்றதும் அந்த வரியை அடித்துவிடுகிறார்கள். வேலை செய்தவர் அதே ஆள்தானே?

இன்று டெல்லி அரசு தன் அலுவலகங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லியிருக்கிறது. கோர்ட் பதிவகத்தில் பிரதி கேட்பதை ஃபர்மால் மாற்ற முடியாது. அதற்கு பார் அசோசியேஷன்தான் எழுத வேண்டும். 2020-இல் கொடுத்த அஃபிடவிட் விலக்கை கிராப்-4 நாட்களுக்கும் கொடுங்கள் என்று கேட்பதில் என்ன தப்பு? என் சங்கத்தில் நானே பேசுகிறேன்.

சாகேத்_சண்முகம் | 21 நவம்பர், காலை 8.50

ஒரு மறுப்பும் பதிவாகட்டும். எங்கள் பார்ட்னர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். கோவிட் தொற்றுநோய், ஒருவர் வந்தால் இன்னொருவருக்கு ஒட்டும், அதனால் மூடினோம். காற்று அப்படி இல்லை, ஆபீசுக்குள் ப்யூரிஃபையர் இருக்கிறது, வீட்டைவிட ஆபீஸே மேல் என்றார். ஜூனியர்கள் வீட்டிலிருந்தால் தொழில் கற்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

கற்பது பற்றி அவர் சொன்னது உண்மை. கோர்ட் வராந்தாவில் சீனியர் பின்னால் நின்று கேட்டதில் பாதியைக்கூட எனக்குத் திரையில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் ஆபீஸ் ப்யூரிஃபையர் ஸ்கூட்டியில் போகிறவருக்கு எப்படி உதவும்? இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடிதத்தைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

மயூர்விஹார்_மதி | 21 நவம்பர், இரவு 10.20

வரைவு தயார். முக்கியமானதை மட்டும் இங்கே போடுகிறேன்.

கிராப்-3 அறிவித்த நாளிலிருந்து, கெடுவுக்கு இரண்டு வேலை நாள் முன்னால் வரைவு மூடப்படும். கட்சிக்காரர்களுக்கு இதை ஃபர்மே எழுதித் தெரிவிக்கும். பக்க எண், இணைப்புகளின் தெளிவு, வக்காலத்துக் கையெழுத்து ஆகியவற்றை அசோசியேட் சரிபார்த்து, தன் பெயரைக் குறித்த பிறகே ஃபைல் கிளார்க்கிடம் போகும். டிஃபெக்ட் வந்தால் அந்தப் பயணம் யார் கணக்கில் என்பது அதிலிருந்து தெரியும். ஒவ்வொரு கிளார்க்குக்கும் ஃபர்ம் லேப்டாப்பும் சர்வர் கணக்கும் கொடுக்கும், ஆவணம் சொந்த போனுக்குப் போகாது. நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்-95 மாஸ்க், டாக்சிக் கட்டணம், அது பார்ட்னர் அனுமதிக்குக் காத்திருக்காது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களை அனுப்பவே கூடாது. வெளியே போகாத நாட்களுக்குச் சம்பளம் முழுதாக, முன்ஷியானாவின் சராசரியும் சேர்த்து.

சராசரியை எந்த மாதங்களை வைத்து எடுப்பது என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். கடைசி மூன்று மாதம் என்று போடலாமா?

திரிலோக்புரி_செல்வி | 21 நவம்பர், இரவு 10.55

அப்பாவிடம் கேட்டேன் அக்கா. கடைசி மூன்று மாதம் வேண்டாம் என்கிறார். அதில் தசராவும் தீபாவளியும் வந்துவிடும், கோர்ட் நடந்த நாளே குறைவு, தொகை அடிவாங்கும்.

டாக்சிக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுக்கச் சொல்லி எழுத முடியுமா என்றும் கேட்டார். ரசீது கொடுத்துத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் ஆகுமாம்.

தீஸ்ஹசாரி_பழையவர் | 22 நவம்பர், காலை 7.10

ஜூலை முதல் செப்டம்பர் வரை போடு மதி. கோடை விடுமுறை முடிந்து கோர்ட் முழுசாக நடக்கிற மாதங்கள் அவை. முன்ஷி நியாயமாக எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அதில் தெரியும்.

மயூர்விஹார்_மதி | 22 நவம்பர், காலை 7.35

மாற்றிவிட்டேன் சார். டாக்சி முன்பணமும் சேர்த்தாயிற்று. பதினொரு மணிக்குக் கொடுக்கிறோம். எங்கள் முன்ஷிஜியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், முதல் ஆளாக.